பீரங்கிச் சத்தம் கேட்கும் தூரத்தில்

1780 ஆகஸ்ட் 25. குண்டூரிலிருந்து தெற்கு நோக்கி நடந்து வந்த கிழக்கிந்தியக் கும்பினியின் கர்னல் வில்லியம் பெய்லியின் படை கொசஸ்தலை ஆற்றின் வடகரையை அடைந்தது. ஆறு என்று பெயர்தான். அன்றைக்கு அதில் மணலே அதிகம். ஆளும் மாடும் பீரங்கி வண்டியும் இறங்கிக் கடந்துவிடலாம். மறுநாள் கடந்துகொள்ளலாம் என்று பெய்லி வடகரையிலேயே முகாம் போடச் சொன்னார்.

இரவில் மழை கொட்டியது. விடிந்து பார்த்தால் ஆறு இரு கரையும் தொட்டு ஓடுகிறது.

கொசஸ்தலையைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இன்று பூண்டி ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்து, எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு சேரும் அதே ஆறுதான். வருஷத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். மேற்கே மழை பிடித்துக்கொண்டால் ஒரே ராத்திரியில் ஆளை விழுங்கும் வெள்ளம் வரும். அக்கம்பக்கத்து ஊர்க்காரர் யாரையாவது கேட்டிருந்தால், "பொழுது இருக்கும்போதே கடந்துடுங்க" என்றுதான் சொல்லியிருப்பார். பெய்லி ஒன்பது பத்து நாள் வடகரையிலேயே வெள்ளம் வடியக் காத்துக் கிடந்தார். செப்டம்பர் 3-ம் தேதி வாக்கில்தான் தென்கரைக்கு வர முடிந்தது. அந்தப் பத்து நாளில் மைசூரை ஆண்ட ஐதர் அலி செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டார்.

சென்ற இதழில், ஐதரின் படை செங்கம் கணவாய் வழியே கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கியதோடு நிறுத்தியிருந்தேன். ஏறத்தாழ 90,000 பேர், 100 பீரங்கிகள். ஜூலை மாதத்திலேயே அவருடைய குதிரைப்படை பறங்கிப்பேட்டையையும் காஞ்சிபுரத்தையும் சூறையாடிவிட்டது. ஆகஸ்ட் 10-ம் தேதி பரங்கிமலை வரை வந்து கொள்ளையடித்தது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் இருந்தவர்கள் பயந்து நடுங்கினார்கள் என்று பல நூல்களில் வாசித்திருப்பீர்கள். நடுக்கத்தை விட எனக்குப் பெரிதாகப் படுவது, கோட்டைக்குள் இருந்தவர்கள் ஒருவர் சொன்னதை இன்னொருவர் காதில் வாங்காமல் இருந்ததுதான். இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கதைதான்.

பெய்லியின் படை குண்டூரில் ஏன் இருந்தது? குண்டூர் ஐதராபாத் நிஜாமின் தம்பி பசாலத் ஜங்குக்கு உரியது. சென்னைக் கவுன்சில் நிஜாமைக் கலக்காமலே, கல்கத்தாவிலிருந்த தலைமைக் கவுன்சிலின் மனதையும் அறியாமலே, அவரிடமிருந்து குண்டூரை எழுதி வாங்கிக்கொண்டு அங்கே படை அனுப்பியது. அந்தப் படை போன வழியில் ஒரு பகுதி ஐதரின் கடப்பைச் சீமைக்குள் போனது. அவரிடம் அனுமதி கேட்கவில்லை. அதற்குச் சில மாதம் முன்பு, 1779 மார்ச்சில், தன் பாதுகாப்பில் இருப்பதாக ஐதர் சொல்லிக்கொண்டிருந்த மாஹே துறைமுகத்தைக் கும்பினியார் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்திருந்தார்கள். ஐதருக்குக் கோபம் வந்ததற்கு இவ்வளவு காரணம் இருந்தும், சென்னையில் இருந்தவர்கள் அதைத் தீவிரமாக எடுத்துக்கொள்ளவில்லை. கவர்னர் தாமஸ் ரம்போல்ட் 1780 ஏப்ரலில் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜான் வொயிட்ஹில்லிடம் படையும் காசும் குறைவு. அதைவிடக் குறைவு, வந்த செய்தியை நம்பும் மனது.

இப்போது சண்டை வந்தாயிற்று. சிதறிக் கிடக்கும் படைகளை ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். எங்கே சேர்ப்பது?

ஸ்காட்லாந்து ஹைலண்டர் படையோடு அந்த ஆண்டுதான் வந்திருந்த மெக்லியோட் பிரபு சென்னைக்குப் பக்கத்திலேயே சேர்ப்போம் என்றார். நாடு முழுக்க ஐதரின் குதிரைகள் திரியும்போது, பாதிப் படையை வைத்துக்கொண்டு உள்நாட்டுக்குள் போவது ஆபத்து என்பது அவர் வாதம். தலைமைத் தளபதி சர் ஹெக்டர் மன்றோ காஞ்சிபுரம்தான் என்று நின்றார். 1764-ல் பக்சார் போரை வென்றவர் அவர்; எதிர்த்துப் பேசுவது எளிதல்ல. முதலில், மன்றோவின் ஓட்டு கவுன்சிலில் தேவை என்பதால் அவர் கோட்டையிலேயே இருக்கட்டும், படையை மெக்லியோட் நடத்தட்டும் என்றுதான் ஏற்பாடு. காஞ்சிபுரத் திட்டத்தில் தனக்கு உடன்பாடில்லை என்று மெக்லியோட் சொன்னதும், படையை நானே நடத்துகிறேன் என்று மன்றோ கிளம்பிவிட்டார்.

மன்றோ பரங்கிமலையில் இருக்கிறார். பெய்லி கொசஸ்தலைக் கரையில் இருக்கிறார். இடையே சுமார் 25 மைல். வரைபடத்தை எடுத்து விரித்துப் பார்த்தால் நெஞ்சு பதைக்கிறது. பெய்லிக்கு "நேரே இங்கே வா" என்று ஒரு வரி எழுதியிருந்தால், வெள்ளம் வருவதற்கு முன்பே அவர் ஆற்றைத் தாண்டி இரண்டு நாளில் மன்றோவோடு சேர்ந்திருப்பார். வந்த உத்தரவு வேறு: நீ உன் வழியில் காஞ்சிபுரம் வா, நான் என் வழியில் வருகிறேன். அதாவது, பக்கத்தில் இருந்த இரண்டு படைகளைப் பிரித்து, ஐதர் உலவும் நாட்டின் ஊடே தனித்தனியாக நடக்கவிட்டு, 40 மைலுக்கு அப்பால் சந்திக்கச் சொன்ன உத்தரவு. இந்தப் போரில் நடந்த தவறுகளில் இதைத்தான் நான் தலையாயது என்பேன். மற்றதெல்லாம் இதன் வயிற்றில் பிறந்தவை.

மன்றோ 5,000-க்கு மேற்பட்ட ஆட்களோடு ஆகஸ்ட் 29-ல் காஞ்சிபுரம் சேர்ந்தார். கையில் எட்டு நாளைக்கான அரிசி. மேற்கொண்டு வேண்டியதை ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா தருவார் என்பது நம்பிக்கை. நவாபின் அதிகாரி ஒருவரும் கூடவே வந்திருந்தார். அரிசி எங்கே, மாடு எங்கே, எதிரியைப் பற்றிய தகவல் எங்கே என்று அவரைக் கேட்டபோது, உங்களோடு இருக்கச் சொல்லித்தான் எனக்கு உத்தரவு, பொருளும் தகவலும் தருவதற்கு எனக்கு அதிகாரம் கொடுக்கப்படவில்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு இடப்பட்ட உத்தரவு அப்படித்தான் இருந்தது. கோட்டையில் உட்கார்ந்து பேசியவர்கள் ஒன்று நினைத்தார்கள். நவாபின் தர்பாரில் வேறொன்று எழுதப்பட்டது. இடையில் மாட்டிக்கொண்டவர்கள் காஞ்சிபுரத்தில் பசித்த வயிற்றோடு நின்ற சிப்பாய்கள்.

சுற்றுவட்டாரத்து வயல்களில் கிடைத்த நெல்லைச் சேகரித்துக் கோயிலில் குவித்தார்கள். அந்த நெல்லும், கூடக் கொண்டுவந்த பெரிய பீரங்கிகளும் மன்றோவின் காலில் விலங்காகிவிட்டன. இவற்றை விட்டுவிட்டு எப்படி நகர்வது?

மன்றோ காஞ்சிபுரம் வந்த செய்தி ஐதருக்கு உடனே போய்விட்டது. ஆற்காட்டுக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தவர் அதை விட்டுவிட்டுக் காஞ்சிபுரம் பக்கம் நகர்ந்தார். மகன் திப்புவைச் சுமார் 10,000 பேரோடும் 18 பீரங்கிகளோடும் பெய்லியை மறிக்க அனுப்பினார். ஐதரின் ஹர்க்காராக்கள் என்னும் ஒற்றர்கள் எங்கும் இருந்தார்கள். மன்றோவின் முகாமுக்குள்ளேயே இருந்தார்கள். மன்றோவுக்கோ அடுத்த ஊரில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஆளில்லை. நவாபின் வரி வசூலால் நொந்துபோயிருந்த ஊர்க்காரர்கள் எதற்காக வந்து சொல்லப் போகிறார்கள்?

செப்டம்பர் 6. காஞ்சிபுரத்துக்கு ஏறத்தாழ 15 மைல் தூரத்தில், பேரம்பாக்கத்தில் திப்பு பெய்லியைத் தாக்கினார். மூன்று மணி நேரச் சண்டை. பெய்லிக்குச் சுமார் 100 பேர் சேதம். ஆனால் படை கலையவில்லை. சண்டை ஓய்ந்ததும் இரண்டு பக்கத்திலிருந்தும் கடிதம் போனது. கூடுதல் படை இல்லாமல் இவர்களை அசைக்க முடியாது என்று திப்பு அப்பாவுக்கு எழுதினார். என்னால் மேற்கொண்டு வர முடியாது, நீங்கள் படையோடு இங்கே வாருங்கள் என்று பெய்லி மன்றோவுக்கு எழுதினார்.

ஒரே நாளில், ஒரே களத்திலிருந்து கிளம்பிய இரண்டு கடிதங்கள். ஐதர் அன்றே தன் படையைக் கிளப்பி, மன்றோவுக்கும் பெய்லிக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டார். பெய்லியின் கடிதம் மன்றோ கைக்கு வர இரண்டு நாள் ஆனது. பேரம்பாக்கத்துப் பீரங்கிச் சத்தம் காஞ்சிபுரத்தில் கேட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. சத்தம் கேட்டது, யார் வென்றார், யார் தோற்றார், என்ன வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை.

கடிதம் கிடைத்ததும் மன்றோ செய்ததைப் பாருங்கள். பெய்லி கேட்டது மொத்தப் படையை. மன்றோ அனுப்பியது 1,000 பேரை. செப்டம்பர் 8-ம் தேதி இரவு கர்னல் பிளெட்சர் தலைமையில் ஹைலண்டர்களும் சிப்பாய் கிரெனடியர்களுமாகத் தேர்ந்தெடுத்த ஆட்கள் கிளம்பினார்கள். ஆக, ஐதரின் பெரும்படைக்கு முன்னால் மன்றோ தன் படையை இரண்டாக இருந்ததிலிருந்து மூன்றாக ஆக்கினார். அந்த மூன்றாவது துண்டு அழியாமல் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் பிளெட்சரின் மூக்கு. வழிகாட்டிகள் மீது அவருக்குச் சந்தேகம் வந்தது. சொன்ன பாதையை விட்டு, இருட்டில் சுற்றுப்பாதையில் நடந்தார். வழிகாட்டிகள் ஐதரின் ஆட்கள்தான். அவர்கள் சொன்ன பாதையில் போயிருந்தால் விடியும் முன்பே கதை முடிந்திருக்கும். 9-ம் தேதி காலை பிளெட்சர் பெய்லியோடு சேர்ந்தார். பெய்லியின் படை இப்போது சுமார் 3,800.

இந்த இடத்தில் ஐதர் பக்கமும் ஒரு குழப்பம் நடந்தது. 1,000 பேர் தன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போனதில் ஐதர் சீறினார். அவரிடம் இருந்த பிரெஞ்சு அதிகாரி லாலி, இது ஏதோ தந்திரம், மன்றோ பின்னாலிருந்தும் பெய்லி முன்னாலிருந்தும் நம்மை நெருக்கப் போகிறார்கள், விலகிவிடுவோம் என்று வற்புறுத்தினார். லாலி ராணுவம் அறிந்தவர். எந்தத் தளபதியும் அப்படித்தான் செய்வான் என்று நினைத்தார். ஐதர் தன் ஒற்றர்களைக் கேட்டார். மன்றோ முகாமில் கிளம்புவதற்கான அடையாளமே இல்லை என்று அவர்கள் சொன்னார்கள். ஐதர் அதை நம்பி நின்றார். எழுதப் படிக்கத் தெரியாத மனிதர் அவர். ஆனால் யார் சொல்வதை எப்போது கேட்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

9-ம் தேதி இரவு பெய்லி பேரம்பாக்கத்திலிருந்து புறப்பட்டார். சில மைல் நடந்ததுமே இருட்டில் இரு பக்கமிருந்தும் ஐதரின் ஆட்கள் சுடத் தொடங்கினார்கள். பெரிய சேதமில்லை. தொடர்ந்து நடந்திருந்தால் விடியும்போது காஞ்சிபுரத்துக்கு மிக அருகில் இருந்திருப்பார்கள். பெய்லி நிற்கச் சொன்னார். விடிந்த பிறகு போகலாம் என்றார். ஏன் நின்றார் என்று அவருடைய அதிகாரிகளே பிற்பாடு குழம்பினார்கள். இருட்டில் பீரங்கிகள் பிந்திவிட்டன, வெளிச்சம் வந்தால் ஒழுங்கு செய்யலாம், அதற்குள் மன்றோவும் எதிரே வந்துவிடுவார் என்று கணக்குப் போட்டிருப்பார் என்பதே எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது. ஆற்றங்கரையில் செய்ததைத்தான் இங்கேயும் செய்தார்: காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

இரவெல்லாம் ஐதரின் படை நகர்ந்தது. பீரங்கிகள் மரக்கூட்டங்களுக்குப் பின்னால் இடம் பிடித்தன.

செப்டம்பர் 10 காலை, புள்ளலூர். ஆங்கிலேயர் பொள்ளிலூர் என்று எழுதிய ஊர். காஞ்சிபுரத்துக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் வயல்களுக்கு நடுவே இருக்கிறது. இந்த மண்ணுக்குச் சண்டை புதிதல்ல. 7-ம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் இதே புள்ளலூரில் பகைவரை வென்றதாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது.

விடிந்து சிறிது தூரம் நடந்ததும் நாலாப்பக்கமும் பீரங்கி வெடித்தது. முதலில் திப்பு, பிறகு ஐதரின் மொத்தப் படை. பெய்லியின் ஆட்கள் நெடுநேரம் தாக்குப்பிடித்தார்கள். திடீரென்று அவர்களுடைய வெடிமருந்து வண்டிகள் இரண்டு வெடித்துச் சிதறின. மைசூர் ராக்கெட் பட்டது என்பார்கள். பீரங்கிக் குண்டு என்பாரும் உண்டு. எதுவாயினும், அதற்குப் பிறகு சுடுவதற்கு மருந்து இல்லை, அணிவகுப்பும் உடைந்துவிட்டது. பிளெட்சர் இறந்தார். மிஞ்சியவர்கள் ஒரு மேட்டில் சதுரமாக நின்று, வந்த குதிரைப்படையைத் துப்பாக்கி முனைக் கத்தியால் மறுபடி மறுபடி விரட்டினார்கள்.

காயம்பட்டிருந்த பெய்லி இனி முடியாது என்று கண்டு, கைக்குட்டையை வாள் நுனியில் கட்டி உயர்த்திக் காட்டினார். சண்டையை நிறுத்துகிறோம் என்று அதற்குப் பொருள். எதிரில் இருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். ஏற்றுக்கொண்டு முன்னே வந்தார்கள். ஆனால் பெய்லியின் பக்கத்திலேயே, புகைக்கு அந்தப்புறம் நின்ற சிப்பாய்களில் சிலருக்கு அது தெரியவில்லை. அவர்கள் தொடர்ந்து சுட்டார்கள். சரணடைவதாகக் காட்டிவிட்டுச் சுடுகிறார்கள் என்று கொதித்த மைசூர் வீரர்கள், ஆயுதத்தைக் கீழே போட்டவர்களையும் வெட்டத் தொடங்கினார்கள். லாலியும் வேறு சில பிரெஞ்சு அதிகாரிகளும் குறுக்கே விழுந்து தடுத்திராவிட்டால் ஒருவரும் தப்பியிருக்க மாட்டார்கள்.

நாள்கணக்காகக் கடிதம் சேராமல், உத்தரவு புரியாமல், வழிகாட்டி பொய் சொல்லி வளர்ந்த குழப்பம் கடைசியில் ஒரு கைக்குட்டைத் துணி கண்ணில் படாததில் வந்து முடிந்தது. இந்த இடத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குத் தாங்கவில்லை. வெள்ளை அதிகாரிகள் 86 பேரில் 36 பேர் இறந்தார்கள், 34 பேர் காயத்தோடு பிடிபட்டார்கள், 16 பேர் காயமின்றிப் பிடிபட்டார்கள் என்று ஒரு எண் பிசகாமல் கணக்கு இருக்கிறது. அதே களத்தில் செத்த சிப்பாய்கள் தமிழரும் தெலுங்கரும் முஸ்லிம்களுமாக ஆயிரக்கணக்கில். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. துணி உயர்ந்தது தெரியாமல் சுட்டவர்களும் அவர்கள்தான். அதற்காக வெட்டுப்பட்டவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

மன்றோ எங்கே இருந்தார்? அன்று காலை அவரும் கிளம்பியிருந்தார். சத்தம் வந்த திசையில் சில மைல் நடந்து, தான் வருவதை அறிவிக்கப் பீரங்கியைச் சுட்டுக் காட்டினார். பதில் இல்லை. சற்று மேட்டில் ஏறியபோது தூரத்தில் பெரும் புகை எழுந்தது தெரிந்தது. பிறகு சத்தம் சட்டென்று நின்றது. பெய்லி ஐதரை முறியடித்துவிட்டார், அதனால்தான் அமைதி என்று படையில் பலர் நினைத்தார்கள். அந்தப் புகைதான் பெய்லியின் வெடிமருந்து. மேற்கொண்டு நடந்தபோது, காயத்தோடு தப்பி வந்த சிப்பாய் ஒருவர் எதிர்ப்பட்டார். நடந்ததை அவர் வாயால்தான் தளபதி கேட்டுத் தெரிந்துகொண்டார். அந்த நேரத்தில் மன்றோவின் படை ஐதரின் முதுகுப் பக்கம் வந்திருந்தால் மைசூர்ப் படையின் கதி என்னவாகியிருக்கும் என்று அந்தக் காலத்து ராணுவத்தார் நெடுநாள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மன்றோவின் அந்தப் படையில் 19 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அந்த ஆண்டு ஜனவரியில்தான் சென்னையில் வந்து இறங்கியவன். பெயர் தாமஸ் மன்றோ, தளபதிக்கு உறவல்ல. பிற்பாடு சென்னை கவர்னராகி, ரயத்துவாரி முறைக்குப் பெயர் பெற்றவர். தீவுத்திடல் பக்கம் அங்கவடி இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். நடந்தவற்றை ஊரிலிருந்த தன் தந்தைக்கு விரிவாகக் கடிதம் எழுதினார்.

வென்றவர்கள் இந்த நாளைச் சுவரில் எழுதினார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784-ல் திப்பு கட்டிய தரியா தௌலத் மாளிகையின் மேற்குச் சுவர் முழுக்கப் புள்ளலூர்ப் போர்தான். வெடித்துச் சிதறும் மருந்து வண்டியும், நடுவில் பல்லக்கில் கிடக்கும் பெய்லியும் அதில் இருக்கிறார்கள். பெய்லி 1782-ல் அந்த ஊர்ச் சிறையிலேயே இறந்தார். பிளெட்சரோடு போன ஹைலண்டர் கேப்டன் டேவிட் பேர்ட் அங்கே மூன்று ஆண்டுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தார். 1799 மே 4-ல் அதே ஊர்க் கோட்டை மீது ஏறிய படைக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான். அதற்கு இன்னும் பல அத்தியாயம் இருக்கிறது.

செப்டம்பர் 10 மாலை மன்றோ காஞ்சிபுரத்துக்குத் திரும்பினார். மறுநாள், எதை விட்டுவிட்டு நகர முடியாது என்று அத்தனை நாள் உட்கார்ந்திருந்தாரோ அந்தப் பெரிய பீரங்கிகளைக் குளத்துக்குள் தள்ளச் சொன்னார். தூக்கிக்கொண்டு போக முடியாத சாமான்களை அழிக்கச் சொன்னார். பின்னாலேயே துரத்தி வந்த ஐதரின் குதிரைகளைச் சமாளித்தபடி செங்கல்பட்டு வழியாகப் பின்வாங்கி, பதினெட்டு நாளுக்கு முன் கிளம்பிய அதே பரங்கிமலைக்கு வந்து சேர்ந்தார்.

(தொடரும்)